உமேயோவின் செம்மஞ்சள் குஞ்சங்கள்

உமேயோவைப் பற்றிக் கேட்டால் எங்கள் தெருவில் எவரும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். கையைப் பற்றி அப்புறம்தான். நான் கையிலிருந்து தொடங்குகிறேன். வாயிலிருந்து தொடங்கினால் பொழுது விடிந்து பொழுது போய்விடும், எனக்கும் கடை இருக்கிறது.

அவள் பட்டுக்கயிறு பின்னுகிறவள். பின்னிய கயிற்றின் நுனிக்குக் குஞ்சம் கட்டுகிறவள். சாமிப் பல்லக்கின் உச்சியில் சிறகை விரித்துக்கொண்டு ஒரு பொன்பறவை நிற்கிறதல்லவா, அதன் காலடியிலிருந்து நாலு பக்கமும் இறங்கி, கூரை மூலைச் சுருள்களைச் சுற்றிக்கொண்டு, கீழே தோள்தண்டில் வந்து முடிகிற தடித்த கயிறு ஒன்று இருக்கும். பார்க்கிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைப்பார்கள். "அலங்காரமாம் அலங்காரம்! அதை அவுத்துட்டுத் தூக்கிப் பாரு, கிழவன் பல்லு மாதிரி கூரை தனியா ஆடும்" என்பாள் உமேயோ. இழுத்துக் கட்டினால்தான் பல்லக்கு ஒரே உடம்பாகக் குலுங்கும், மணிகள் சேர்ந்து ஒலிக்கும், குஞ்சங்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழும்.

குஞ்சம் கட்டுவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். மரக்கொட்டை ஒன்றை உள்ளே வைத்து, மேலே நூலைச் சுற்றி, கழுத்தை இறுக்கி, தொங்கும் இழைகளைக் கெட்டிலின் ஆவியில் காட்டிக் காட்டி நேராக்க வேண்டும். ஆவி பட்ட பட்டு ஒரு மாதிரி மணக்கும், மழையில் நனைந்த நாய்க்குட்டி மாதிரி. எதிர்ச்சாரியில் இருக்கும் என் அரிசி அப்பளக் கடை வரைக்கும் அந்த வாசனை வரும். நான் கரியடுப்பில் அப்பளம் சுட்டு சோயா சாறு தடவுகிறவள். என் புகை அவள் வீட்டுக்குள் போகும், அவள் ஆவி என் கடைக்குள் வரும். அதுக்கும் அவள்தான் திட்டுவாள், நான் திட்டக் கூடாது.

"ஏ ஹருனோ! உன் புகை பட்டு என் நூலெல்லாம் சோயா சாறு வாடை அடிக்குது. சாமிக்குப் பசி எடுத்துடப் போகுது!"

"எடுக்கட்டுமே அக்கா. கடைக்கு ஒரு நல்ல கிராக்கி கிடைச்ச மாதிரி இருக்கும்."

எத்தனையோ ஊர்ப் பல்லக்குகளுக்கு அவள் கயிறும் குஞ்சமும் போயிருக்கின்றன. பெட்டியில் அடுக்கி, மேலே மெல்லிய தாள் போட்டு மூடி, பல்லக்குப் பட்டறைக்காரர்களிடம் கொடுத்துவிடுவாள். அவை எந்தச் சாமி மேல் ஏறின, எந்தத் தெருவில் ஆடின, அவளுக்குத் தெரியாது. ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தாதிவேலைக்காரி பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரிதான்.

வடக்கே பனி விழும் ஊரிலிருந்து சின்ன வயசில் கயிறு பின்னும் வேலைக்கு வந்தவள். சுமிதா ஆற்றில் படகு ஓட்டிய ஹெய்சுகேயைக் கட்டிக்கொண்டாள். அவன் போருக்குக் கப்பலில் போனான், வரவில்லை. பிள்ளை இல்லை. ஊரில் இருந்த தமையனும் போய்ச் சேர்ந்தான். அவளுக்கென்று யாருமில்லை என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம், அவளும் அறிவாள், ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் தெருவில் ஒருவருக்கும் கிடையாது.

கீழ்வீட்டைத் தகர வேலை செய்யும் யசூபேக்கும் அவன் பெண்டாட்டி தோமிக்கும் வாடகைக்கு விட்டுவிட்டு மாடி அறையில் இருந்தாள். எங்கள் தெரு வீடுகளின் படியைப் படி என்றே சொல்லக் கூடாது. அது ஏணி. நடுவில் ஒரு திருப்பம் வேறு. ஒரு பனிக்காலத்தில் அந்தத் திருப்பத்தில் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பியபோது நாலு பேர் பிடித்து மேலே ஏற்றினார்கள். படுத்த இடத்தில் கிடந்ததில் வலது கால் மரக்கட்டை மாதிரி நீட்டியபடியே இறுகிவிட்டது. அப்புறம் மடங்கவே இல்லை. மடங்காத காலோடு அந்தத் திருப்பத்தில் இறங்க முடியாது. முதுகில் சுமந்தும் இறக்க முடியாது, கால் சுவரில் இடிக்கும். ஒருமுறை யசூபே முயற்சி பண்ணிப் பார்த்தான். பாதிப் படியில் அவள் போட்ட அலறலில் என் கடை அப்பளம் கருகிப்போனது. "என்னை விட்டுடுங்கடா, நான் மேலயே இருந்து தொலைக்கிறேன்" என்றாள். அன்றிலிருந்து மேலேயே இருந்தாள்.

முதலில் எல்லோரும் படியேறி வந்தார்கள். குழம்பு கொண்டுவந்தார்கள், பழம் கொண்டுவந்தார்கள், உட்கார்ந்து கதை பேசினார்கள். அவள்தான் புத்திசாலியாயிற்றே! தானே ஒரு கயிறு பின்னி, அதில் கூடையைக் கட்டி, ஜன்னல் வழியே இறக்க ஆரம்பித்தாள். டோஃபுக்காரன் வந்தால் கூடை இறங்கும். மீன்காரன் வந்தால் கூடை இறங்கும். எல்லோருக்கும் சௌகரியமாகப் போயிற்று. கூடையில் வைத்துவிட்டு "வச்சிட்டேன் அக்கா!" என்று கத்திவிட்டுப் போய்விடலாம். கொஞ்ச நாளில் தோமியையும் என்னையும் தவிர ஒருவரும் படியேறவில்லை. அந்தக் கூடையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொருளெல்லாம் மேலே போயிற்று, மனுஷர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள்.

இனி திருவிழாவுக்கு வருகிறேன்.

பல்லக்கு வரும்போது மாடியில் ஒருவரும் இருக்கக் கூடாது. சாமி தெருவில் போகும்போது நாம் தலைக்கு மேலே நின்று பார்ப்பதா? கீழே இறங்கி வந்து நிற்க வேண்டும். இறங்க முடியாதவர்கள் ஜன்னலை மூடிவிட வேண்டும். இதில் உமேயோவைப் போலக் கண்டிப்பானவள் கிடையாது. அவள் கால் நன்றாக இருந்த காலத்தில், முடிதிருத்தகத்து மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு டாக்ஸி டிரைவர் ஜன்னலில் சாய்ந்து பீர் குடித்துக்கொண்டே பல்லக்கைப் பார்த்தான். தோள் கொடுத்தவர்கள் பல்லக்கை அங்கேயே நிறுத்தினார்கள். முன்னேயும் நகரவில்லை, பின்னேயும் நகரவில்லை. ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டு, "இறங்குடா! இறங்குடா!" என்று ஒரே கூச்சல். தண்டின் முனையால் வாசல் தூணை ஓர் இடி இடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் மேலே ஒலித்த குரல் யாருடையது? உமேயோவுடையதுதான். "சாமி தலையிலயா எச்சில் துப்பப் போற, மடையா!" அவன் முகத்தில் ஈயாடவில்லை. தடதடவென்று இறங்கி ஓடிவந்து வெறுங்காலோடு தெருவில் நின்று கும்பிட்டான்.

அன்று நிறுத்தியதுகூடப் பெரிய பல்லக்கு இல்லை, எங்களுக்குச் சொந்தமாக அப்போது ஒன்றும் கிடையாது. பழசு குண்டுவீச்சில் எரிந்துபோனது. சாக்கே மதுவின் பீப்பாயைத் தண்டில் கட்டி, மேலே வைக்கோல் கயிறு சுற்றித் தூக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களைப் பார்த்து, "என்னப்பா, சாமிக்குத் தாகமா?" என்று கேலி பண்ணுவார்கள். வயிறு எரியும். எப்படியோ தெருவெல்லாம் சேர்ந்து, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பட்டறையில் ஒரு நல்ல பல்லக்குக்குச் சொன்னோம். கறுப்பு அரக்கு பூசிய கூரை, முலாம் பூசிய செம்புத் தகடுகள், சின்ன வேலி, சின்ன வாசல், நடுவில் கண்ணாடி, எல்லாம் முறையாக. உமேயோ ஜன்னலிலிருந்தே அறிவித்துவிட்டாள்: "கயிறும் குஞ்சமும் நான் போடறேன். எவனாவது வேற எடத்துல சொன்னீங்க, அந்தக் கயித்துலயே உங்களைக் கட்டித் தொங்கவிடுவேன்!"

விழாக்குழு ஆட்கள் நிறம் பேசுவதற்காக மேலே ஏறினார்கள். தலைவர் சாரம் கட்டும் மேஸ்திரி கின்சாகு. ஆள் மூங்கில் மாதிரி உயரம், பேச்சு குறைவு, உமேயோவைக் கண்டால் மட்டும் சின்னப் பையன் மாதிரி நெளிவான். நானும் அப்பளத் தட்டோடு கூடப் போனேன், வேடிக்கையை விடுவேனா?

"ஊதா போடலாம்னு பேசிக்கிட்டோம் அக்கா" என்றான் கின்சாகு. "பக்கத்துத் தெருவுல ஊதா. கம்பீரமா இருக்கு."

"பக்கத்துத் தெருவுல ஊதாவா? அப்ப அவங்க கட்டின கோவணத்தையும் வாங்கிக் கட்டிக்கோங்க."

"அக்கா…"

"கறுப்புக் கூரை மேல ஊதா விழுந்தா என்னடா தெரியும்? நம்ம விழா நாள்ல என்னிக்காவது வெயில் அடிச்சிருக்கா? மேகம் மூடிக்கிட்டு நிக்கும். இழவு வீட்டுப் பந்தல் மாதிரி இருக்கும். பழுத்த சீமைப்பனிச்சைப் பழம் பாத்திருக்கியா, இலை உதிர்ந்த மரத்துல? அந்தச் செம்மஞ்சள். இருட்டுலயும் அது தெரியும்."

கின்சாகு மற்றவர்களைப் பார்த்தான். மற்றவர்கள் அப்பளத்தைப் பார்த்தார்கள். செம்மஞ்சள் என்று முடிவாயிற்று.

அந்தக் கோடை முழுக்க அவள் கெட்டில் அணையவே இல்லை. முன்கை தடிமனுக்குக் கயிறு. ஒவ்வொரு குஞ்சமும் ஒரு கைக்குழந்தை கனம். கட்டி முடித்ததை உத்தரத்தில் தொங்கவிட்டு, கழியால் ஒரு தட்டு தட்டி, அது எப்படி ஆடி எப்படி அடங்குகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். பிடிக்காவிட்டால் பிரித்து எறிவாள். ஒரு சாயங்காலம் நான் போனபோது நாலும் தொங்கின, அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள், கால் ஒரு பக்கம் நீட்டியபடி.

"அழகா இருக்கு அக்கா" என்றேன்.

"இங்க அழகா இருந்து என்ன பிரயோஜனம்? தூக்கிக் குலுக்கறப்ப விழற விதம்தான் விஷயம். அது எனக்கு எப்படித் தெரியும்?" அப்புறம் தானாகவே சொன்னாள்: "இத்தனை வருஷமா கட்டறேன். ஒண்ணே ஒண்ணு, சாமி மேல ஆடறதைப் பாத்துட்டுப் போகணும்னு இருக்கு ஹருனோ. நம்ம தெரு பல்லக்கையாவது."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. படம் பிடித்துக் காட்டச் சொல்லலாமே என்று உளறி வைத்தேன். "படம் ஆடுமாடி?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டாள்.

வழியைக் கண்டுபிடித்ததும் அவளேதான். குஞ்சங்களை வாங்கிப்போக கின்சாகு வந்தபோது கேட்டாள். கேட்கத் தெரியாது அவளுக்கு, கேட்டாலும் திட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

"நான் ஒண்ணு கேப்பேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு, மென்னு முழுங்காதே. பூசாரி வந்து சாமியை ஏத்தற வரைக்கும் பல்லக்கு வெறும் மரம்தானே?"

"ஆமா அக்கா. வெறும் மரம்தான்."

"அப்ப அதை மேல இருந்து பாத்தா குத்தம் இல்லையே?"

கின்சாகு தலையைச் சொறிந்தான். "இல்லதான்."

"விழாவுக்கு முந்தின நாள் பட்டறையிலேருந்து லாரியில வருதில்ல, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஜன்னலுக்குக் கீழ ஒரு நிமிஷம் இறக்கு. ஆளுங்களை விட்டு ரெண்டு குலுக்கு குலுக்கச் சொல்லு. போதும். அப்புறம் பூசாரி வரட்டும், சாமி வரட்டும், நான் ஜன்னலை மூடிக்கறேன்."

"இது ஒரு விஷயமா அக்கா! இறக்கறேன். நானே தோள் கொடுக்கறேன்" என்று கின்சாகு மார்பில் தட்டிக்கொண்டான். குஞ்சப் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கினான்.

அந்த நாள் வந்தது. கூடவே புயலும் வந்தது. காலையிலேயே மழை சாய்த்து அடித்தது. லாரி மத்தியானம் வர வேண்டும். நான் கடையைப் பாதி மூடி வைத்துக்கொண்டு எதிர் மாடியைப் பார்த்தேன். ஜன்னலின் வெளிப்பக்க மழைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உமேயோ உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். பெட்டியின் அடியில் கிடந்த நல்ல கிமோனோவைத் தோமி எடுத்து உடுத்திவிட்டிருக்கிறாள். சாரல் முகத்தில் அடிக்கிறது, நகரவில்லை.

"அக்கா, கதவைக் கொஞ்சம் சாத்தேன்! வந்தா நான் கூப்பிடறேன்!"

"உன் சோலியைப் பாரு!"

மத்தியானம் போயிற்று. லாரி வரவில்லை. அக்கரையில் தண்ணீர் ஏறி ரோடு அடைத்துவிட்டது என்று யசூபே சொன்னான். சாயங்காலம் மழை விட்டது. விளக்கு வைத்தார்கள். அவள் ஜன்னலில் மட்டும் விளக்கில்லை, ஆள் இருப்பது நிழலாகத் தெரிந்தது. அப்போது கின்சாகு தெருமுனையில் வந்தான். முழங்கால் வரை சேறு. எங்கள் வீடுகளுக்கு நடுவில் வரும்போது தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போட்டான். நான் சும்மா விடுவேனா? ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"என்னய்யா ஆச்சு?"

"லாரி சுத்துவழியில வந்துச்சு. நேரா கோயிலுக்குத்தான் வர முடிஞ்சுது. பூசாரி காத்துக்கிட்டு நின்னாரு. சாமி ஏத்தியாச்சு" என்றான். மேலே பார்க்கவே இல்லை. "நீ சொல்லிடு ஹருனோ. எனக்கு அவங்க முகத்துல முழிக்க வெக்கமா இருக்கு."

சொல்லிவிட்டு நழுவிவிட்டான். ஆம்பளைகள் எல்லோரும் இப்படித்தான், மார்பில் தட்டிக்கொள்ள மட்டும் முன்னால் வருவார்கள்.

மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "வந்துச்சா?"

"நேரா கோயிலுக்குப் போயிடுச்சாம் அக்கா. சாமி ஏறியாச்சாம்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். கின்சாகுவின் தாத்தா காலத்திலிருந்து இழுத்துக் கரித்துக் கொட்டுவாள் என்று நினைத்தேன். "சரி" என்றாள். "மழை. யாரு என்ன பண்ண முடியும்." மழைக்கதவை இழுத்து மூடிக்கொண்டாள். அந்த 'சரி'யைக் கேட்பதற்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் கடை வாசலைக் கூட்டும்போது பார்க்கிறேன், கின்சாகு துணி காயப்போடும் மூங்கிலை எடுத்துக்கொண்டு உமேயோ வீட்டுச் சுவரோரம் நிற்கிறான். மூங்கிலை நிமிர்த்துகிறான், அண்ணாந்து பார்க்கிறான், தன் கையைத் தலைக்கு மேல் நீட்டுகிறான், முணுமுணுக்கிறான். விடியற்காலையிலேயே சாக்கே ஏற்றிக்கொண்டுவிட்டானோ என்று நினைத்தேன்.

"என்ன அண்ணே, சாரம் கட்டப் போறியா?"

"ஒண்ணுமில்ல. நீ கூட்டு."

கொஞ்ச நேரத்தில் உமேயோ கதவைத் திறந்தாள். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏ ஹருனோ! முடிதிருத்தகத்து மாடியில ஜன்னல் திறந்திருக்கு பாரு. பல்லக்கு வர்ற நேரம் ஆச்சு, போய் மூடச் சொல்லு. இந்தத் தெருவுல எனக்கு அப்புறம் யாருக்கு அக்கறை இருக்கு?"

"சொல்றேன் அக்கா. நீ சாப்டியா?"

"சாப்ட்டேன், சாப்ட்டேன். தோமி சிவப்பரிசிச் சோறு கொண்டாந்தா." தூரத்தில் கோல் மணி கேட்டது. பல்லக்குக்கு முன்னால் இரும்புக் கோலைத் தரையில் தட்டிக்கொண்டு வருபவர்களின் சத்தம். அவள் உடனே இரண்டு கதவையும் இழுத்தாள். உள்ளேயிருந்து கொக்கி மாட்டும் ஓசை எனக்குக் கேட்டது.

பல்லக்கு தெருவில் திரும்பியது. என்னத்தைச் சொல்ல! அவள் சொன்னது போலவே வானம் மூடிக் கிடந்தது. கறுப்புக் கூரை, அலகில் புது நெற்கதிரைக் கவ்விய பொன்பறவை, அதன் கீழே அந்தச் செம்மஞ்சள். தெரு முழுக்கச் சனம். யசூபே தண்டின் கீழே நசுங்கிக்கொண்டு வந்தான். "சோய்யா! சோய்யா!" என்று ஒரே முழக்கம். பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

உமேயோ வீட்டுக்கு நேராக வந்ததும் கின்சாகு கையிலிருந்த சைகை மரக்கட்டைகளைத் தட்டினான். பல்லக்கு நின்றது. அங்கே நிற்கிற வழக்கம் கிடையாது. கோயில் வாசலில் நிற்பார்கள், பெரிய காணிக்கை கொடுத்த வீடுகளின் முன்னால் நிற்பார்கள், தகரக்காரன் வீட்டு முன்னால் எதற்கு நிற்கிறார்கள் என்று கூட்டம் விழித்தது. கின்சாகு இரண்டு கையையும் உயர்த்தினான். "தூக்கு!"

தோளில் இருந்ததைக் கைக்கு மாற்றி, கையை முழுக்க நீட்டி, தலைக்கு மேலே தூக்கினார்கள். அது பெரிய மரியாதை. எல்லாருக்கும் செய்ய மாட்டார்கள். தூக்கிய பல்லக்கு எழும்பிக்கொண்டே போயிற்று, கூரையோரம் மழைக்கதவுக்கு நேராக வந்து நின்றது. உள்ளே தரையில் உட்கார்ந்திருப்பவளின் கண்ணும் பறவை நிற்கும் கூரையும் ஒரே மட்டம். அப்போதுதான் அந்த மூங்கில் எதற்கென்று எனக்குப் புரிந்தது. மேலேயிருந்து கீழே பார்த்தால்தானே குற்றம்? நேருக்கு நேர் பார்த்தால் என்ன குற்றம்? அட பாவி கின்சாகு, இதை ஒரு வார்த்தை மேலே போய்ச் சொல்லியிருக்கக் கூடாதா!

குலுக்கினார்கள். மணிகள் அதிர்ந்தன. குஞ்சம் ஒன்று மழைக்கதவில் படபடவென்று அடித்தது. கதவு திறக்கவில்லை.

"உமேயோ அக்கா!" என்று கின்சாகு கத்தினான். தோள் கொடுத்தவர்கள் கத்தினார்கள். யாரோ ஆரம்பித்து, தெருவே அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. "உமேயோ! உமேயோ!" சோய்யா சத்தமும் மணிச் சத்தமும் கைதட்டலும் அதில் கலந்து காது கிழிந்தது. நான் தொண்டை கிழிய, "திற அக்கா! பாக்கலாம் அக்கா!" என்று கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகப் பார்த்தேன். விட்டால்தானே? மேலே நீண்டிருந்த கைகள் நடுங்க ஆரம்பித்தன. யசூபேயின் முகம் நீலம் பாய்ந்திருந்தது. கதவு மூடியது மூடியபடியே இருந்தது.

கட்டைகள் ஒலித்தன. பல்லக்கு தோளுக்கு இறங்கியது. கின்சாகு ஒருமுறை மேலே பார்த்தான். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போலாம்" என்றான். சாமி போன வழியில் திரும்பி வராது. பல்லக்கு அடுத்த தெருவுக்குத் திரும்பியது, சனமும் பின்னாலேயே போயிற்று.

நான் படியேறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது, முட்டி இடித்தது மட்டும் ஞாபகம். அறை இருட்டாக இருந்தது. உமேயோ கால் ஒன்று பக்கவாட்டில் நீட்டியிருக்க, நெற்றியைப் பாயில் வைத்துக் குப்புறக் கவிழ்ந்திருந்தாள்.

"அக்கா!"

"போயிட்டாங்களா?" தலையைத் தூக்கவில்லை.

"போயிட்டாங்க."

"எங்கயாவது இடுக்கு தெரியுதா பாரு. வெளிச்சம் வருதா பாரு."

"எதுல அக்கா?"

"கதவுலடி! நல்லா மூடினேன் ஹருனோ. கொக்கி போட்டேன். கையால தடவிப் பாத்தேன். அப்புறமும் என் ஜன்னலுக்கு நேரா வந்து நின்னுட்டாங்களே! பேரைச் சொல்லிக் கத்தினாங்களே, தெருவே கத்திச்சே! கதவை இடிச்சாங்க. நான் பாக்கலை. சத்தியமா பாக்கலை. கண்ணை மூடிக்கிட்டுத்தான் கெடந்தேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். கிழவி அழுதால் எவ்வளவு சின்னதாகிவிடுகிறாள்!

"திட்டலக்கா. அந்த டாக்ஸிக்காரனைத் திட்டின மாதிரி உன்னை யாரும் திட்டல. உனக்குக் காட்டத்தான் தூக்கினாங்க. கின்சாகு மூங்கில் வச்சு அளந்து பாத்து, உன் கண்ணு மட்டத்துக்குத் தூக்கினான். நேருக்கு நேர். பாத்தாலும் தப்பில்லாத மாதிரி."

அவள் என் முகத்தையே பார்த்தாள். புரியப் புரிய அவள் வாய் கொஞ்சம் திறந்தது, மூடியது.

"இந்தக் கதவுக்கு நேராவா?"

"இந்தக் கதவுக்கு நேராத்தான்."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "குஞ்சம் எப்படி விழுந்துச்சு? நாலும் சேந்து விழுந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "நான் பாக்கலக்கா."

"பாக்கலையா? கீழ நின்னுக்கிட்டு என்னத்தைப் பாத்த?"

"உன் ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். திறப்பியா திறப்பியான்னு."

"மத்தவங்க?"

"எல்லாரும் அதைத்தான் பாத்தாங்க. தூக்கினவங்களும்தான். பல்லக்கை ஒருத்தரும் பாக்கல."

"தெருவேவா?"

"தெருவே."

அவள் பாயில் கையை ஊன்றி, நீட்டிய காலை இழுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு நகர்ந்தாள். நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். கொக்கியை எடுத்தாள். இரண்டு கதவையும் முழுக்கத் தள்ளினாள்.

வெளியே ஒருவரும் இல்லை. சனமெல்லாம் பல்லக்குக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. ஈரத் தெருவில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு கிடந்தது. கிமோனோ கழுத்தைச் சரிபண்ணிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, உமேயோ அந்தத் தெருவைப் பார்த்தாள்.